3000 வார்த்தை தெரியும், ஆனா பேச வரலையா? நோட்டுல அர்த்தம் எழுதுற முறைய மாத்துங்க

கேள்வி என்னன்னா, ஒருத்தர் ஒரு வருஷமா தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தை எடுத்து இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம்னு நோட்டு போட்டு மனப்பாடம் பண்ணியிருக்கார். 3000 தாண்டிடுச்சு, எந்த வார்த்தைய கேட்டாலும் டக்குனு அர்த்தம் சொல்றார், ஆனா பேசலாம்னு வாய தெறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது, எழுதினாலும் படிக்கிறவங்களுக்கு புரியல. இன்னும் எத்தனை வார்த்தை படிக்கணும், எந்த லிஸ்ட்ட எடுக்கணும்னு கேக்குறார்.

நான் ரொம்ப வருஷமா பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன், இதே நோட்ட நிறைய பேர் கையில பாத்திருக்கேன். உங்களுக்கு புது லிஸ்ட் வேணாங்க. உழைப்பு பத்தலன்னும் சொல்ல மாட்டேன், ஒரு வருஷம் விடாம எழுதியிருக்கீங்க, அது லேசுப்பட்ட காரியம் இல்ல. சிக்கல் எங்கன்னா அந்த வலது பக்கத்துல தான். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நேரா ஒரு தமிழ் வார்த்தைய எழுதி நடுவுல ஒரு சமக்குறி போட்டுட்டோம் பாருங்க, அந்த சமக்குறி தான் உங்கள பேச விடாம பிடிச்சு வெச்சிருக்கு.

ஒரு சம்பவம் சொல்றேன். என்கிட்ட படிச்ச ஒருத்தர் அவரோட மேலதிகாரிக்கு ஒரு மெயில் அனுப்பினார், ஒரு வேலைக்கு அவர் பேர சிபாரிசு பண்றேன்னு அதிகாரி சொல்லியிருந்தார், அதுக்கு நன்றி சொல்லிட்டு கடைசியில ‘ஐ ஹோப் யூ சார்’னு முடிச்சிருந்தார். அவர் சொல்ல வந்தது ‘உங்கள நம்புறேன் சார்’. அவர் நோட்டுல ஹோப் = நம்பு. தமிழ்ல பாத்தா ஒரு தப்பும் இல்ல, ஆனா அந்த அதிகாரி ‘ஹோப் யூ... அப்புறம் என்ன?’னு மீதி வாக்கியத்த தேடியிருப்பார். ஏன்னா ஹோப்ங்கிறது ஒரு விஷயம் நல்லபடியா நடக்கணும்னு ஆசைப்பட்டு காத்துக்கிட்டு இருக்கிறது, ‘ஐ ஹோப் யூ வில் கம்’னு சொல்லலாம், அதுல என்ன நடக்கணும்னு சொல்லி ஆகணும். ஒரு ஆள் மேல வைக்கிற நம்பிக்கைக்கு டிரஸ்ட். ஒருத்தர் சொன்னத உண்மைன்னு எடுத்துக்கிறதுக்கு பிலீவ். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, ‘ஐ பிலீவ் யூ’ன்னா நீ சொல்றது பொய் இல்ல, ‘ஐ பிலீவ் இன் யூ’ன்னா உன்னால முடியும்ங்கிற நம்பிக்கை எனக்கு இருக்கு. நடுவுல வர்ற அந்த சின்ன ‘இன்’ மொத்த அர்த்தத்தையும் மாத்திடுது. பரீட்சைக்கு போற பையன்கிட்ட ‘ஐ பிலீவ் யூ’ன்னு சொன்னா, நான் என்ன சொன்னேன் இவர் நம்புறதுக்குன்னு தான் அவன் முழிப்பான்.

தமிழ்ல நம்புறதுன்னு ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு நாம மூணு வேலை பாக்குறோம், அவங்க மூணு வார்த்தை வெச்சிருக்காங்க. இந்த மாதிரி இடங்கள்ல தான் நோட்டு ஏமாத்தும். நிழல் எடுத்துக்கோங்க, மரத்தடியில வெயில் படாம உக்காந்திருந்தா அது ஷேட், நம்ம கூடவே தரையில நடந்து வர்ற கருப்பு உருவம் ஷேடோ. கடனும் அப்படித்தான், வாங்குறவர் பாரோ பண்றார், குடுக்கிறவர் லெண்ட் பண்றார், ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’னு கேட்டா திசையே தலகீழா மாறிடுது, ‘கேன் ஐ பாரோ யுவர் பென்’ இல்லன்னா ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்’. படிக்கிறதுக்கு ரீட், ஸ்டடி, லேர்ன்னு மூணு இருக்கு: கண்ணால எழுத்த பாத்து போறது ரீட், உக்காந்து பாடுபடுறது ஸ்டடி, கடைசியில மண்டையில ஏறுறது லேர்ன். அதனாலதான் ‘மூணு மணி நேரம் ஸ்டடி பண்ணேன், ஒண்ணுமே லேர்ன் பண்ணல’ன்னு இங்கிலீஷ்ல தாராளமா சொல்ல முடியுது. குடைய பஸ்ல மறந்துட்டேன்னு நாம சொல்றத அப்படியே ‘ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா இன் த பஸ்’னு சொல்றோம், எந்த இடத்துலன்னு சேத்து சொல்றப்போ அங்க வர வேண்டியது லெஃப்ட், விட்டுட்டு வந்துட்டேன்.

இது ஒரு பக்கமா மட்டும் நடக்கிற விஷயமும் இல்ல. நாம வாட்ச் கட்டுறோம், கண்ணாடி மாட்டுறோம், ஷூ போடுறோம், சென்ட் அடிச்சுக்கிறோம், அவங்களுக்கு இது எல்லாமே வியர் தான். ஆனா எடுத்து மாட்டுற அந்த செயலுக்கு புட் ஆன், மாட்டினதுக்கு அப்புறம் உடம்புல இருக்கிற நிலைக்கு வியர். ‘இரு, ஷூ போட்டுட்டு வரேன்’னு சொல்றப்போ வியர் வராது. நாம, நாங்கன்னு கேக்குறவர சேத்தும் விட்டும் நாம தெளிவா பிரிக்கிறோம், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வீ ஒண்ணு தான், சேத்து சொல்றாங்களா விட்டு சொல்றாங்களான்னு பேச்ச வெச்சு தான் புரிஞ்சுக்கணும்.

சரி, இதையே திருப்பி யோசிச்சு பாருங்க, இது புரிஞ்சா எல்லாமே புரிஞ்ச மாதிரி. தமிழ் கத்துக்க வர்ற ஒரு வெளிநாட்டுக்காரர் நோட்டுல ‘பிடி = ஹோல்ட்’னு எழுதி வெச்சிருக்கார்னு வெச்சுக்குவோம். அடுத்த நாள் அவர் காதுல என்னல்லாம் விழும்? எனக்கு உன்ன பிடிக்கும், பஸ்ஸ பிடிச்சிட்டேன், சளி பிடிச்சிருக்கு, குழந்தை அடம் பிடிக்குது, வேலை முடிய ரெண்டு நாள் பிடிக்கும், சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. அவரோட ஹோல்ட் இதுல எத்தனை இடத்துல உதவும்? நமக்கு இதுல ஒண்ணு கூட கஷ்டமா தெரியல, ஏன்னா நாம ‘பிடி’ங்கிற வார்த்தைய தனியா கத்துக்கவே இல்ல, ‘சளி பிடிச்சிருக்கு’ங்கிற முழு துண்டா காதுல வாங்கி அப்படியே வாயில விட்டோம். வெயில் அடிக்கும், மழை பெய்யும், காத்து வீசும், யாரும் நமக்கு பட்டியல் போட்டு சொல்லிக் குடுக்கல, ஆனா யாராவது வெயில் பெய்யுதுன்னு சொன்னா காது உடனே கண்டுபிடிச்சிடுது.

இங்கிலீஷ்ல இதே இடத்துல நிக்கிறது கெட், டேக், மேக், புட், கிவ், கோ, கம், ரன், செட் மாதிரி சின்ன சின்ன வார்த்தைங்க. ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதியில ரன்ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 600க்கு மேல அர்த்தம் குடுத்திருக்காங்க. இத பாத்து பயப்படாதீங்க, அத்தனையும் யாருக்கும் வேணாம். ஆனா உங்க நோட்டுல ரன் = ஓடுன்னு ஒரு வரியில முடிஞ்சிருக்கும்ல, அதனால தான் ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்னு வந்தா ஸ்கூல் நடத்துறாங்கன்னு புரியாம பொம்பள ஓடுது, ஸ்கூல் எங்க வந்துச்சுன்னு நிக்க வேண்டியிருக்கு, வீ ரேன் அவுட் ஆஃப் டைம்னா நேரம் தீந்துபோச்சுன்னு பிடிபட மாட்டேங்குது.

கெட்ங்கிற வார்த்தைய மட்டும் கொஞ்சம் பக்கத்துல போய் பாப்போம், ஏன்னா பேச்சு இங்கிலீஷ்ல இது இல்லாம ரெண்டு நிமிஷம் ஓடாது. ஐ காட் எ லெட்டர், லெட்டர் வந்துச்சு. ஐ காட் ஹோம் அட் டென், பத்து மணிக்கு வீடு வந்து சேந்தேன். இட்ஸ் கெட்டிங் டார்க், இருட்டிக்கிட்டு வருது. ஐ டோண்ட் கெட் இட், எனக்கு புரியல. ஐ காட் ஹிம் டு சைன், அவர கையெழுத்து போட வெச்சேன். ஐ காட் மை ஃபோன் ஃபிக்ஸ்டு, ஃபோன குடுத்து சரி பண்ண வெச்சேன். ஆறு வாக்கியம், தமிழ்ல ஆறு வேற வேற வினை. வலது பக்கம் ஒரே வார்த்தை எழுதவே முடியாது. ஆனா ஆறையும் ஒண்ணா வெச்சு பாத்தா உள்ளுக்குள்ள ஒரே ஒரு எண்ணம் தான் ஓடுது: முன்னாடி இல்லாத ஒண்ணு இப்போ வந்துருச்சு. லெட்டர் கையில வந்துச்சு, நான் வீட்டுக்கு வந்துட்டேன், இருட்டு வந்துச்சு, புரிதல் வரல, கையெழுத்து வந்துச்சு, ஃபோன் நல்ல நிலைக்கு வந்துச்சு. இந்த ஒரு இழைய பிடிச்சுட்டா ஏழாவது கெட் எங்கயாவது எதிர்ல வந்தா நீங்களே ஊகிச்சுடுவீங்க. இத முதல் தடவ போர்டுல எழுதி காட்டுறப்போ வகுப்புல முகங்கள் மாறும் பாருங்க, அதுக்காகவே இந்த பாடத்த திரும்ப திரும்ப நடத்துவேன்.

இந்த சின்ன வினைகளோட பலம் எவ்வளவுன்னு ஒரு பழைய முயற்சிய பாத்தா தெரியும். சி. கே. ஆக்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1930ல பேசிக் இங்கிலீஷ்னு ஒண்ணு கொண்டு வந்தார், மொத்தமே 850 வார்த்தை, அதுல வினைச்சொல் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக், இந்த மாதிரி. என்டர்னு சொல்றதுக்கு கோ இன், கண்டின்யூவுக்கு கோ ஆன்னு இதுங்கள வெச்சே ஒப்பேத்திடலாம்னு காட்டினார். அந்த திட்டம் உலகத்துல பெருசா நிலைக்கல, ஆனா சின்ன வினையும் பக்கத்துல ஒரு குட்டி வார்த்தையும் சேந்தா எவ்வளவு தூரம் போகலாம்னு அதுல நல்லா தெரியுது.

அப்படி சின்ன வினையும் குட்டி வார்த்தையும் சேந்த ஜோடி தான் எல்லாரையும் அலற வைக்கிற ஃப்ரேஸல் வெர்ப். லுக் ஆஃப்டர்னா பாத்துக்கிறது, லுக் ஃபார்னா தேடுறது, லுக் இன்டுன்னா விசாரிக்கிறது, லுக் அப்னா அகராதியில தேடிப் பாக்குறது, லுக் டவுன் ஆன்னா கேவலமா நினைக்கிறது. இது ஏதோ இங்கிலீஷுக்கு மட்டும் பிடிச்ச கோணங்கித்தனம்னு நினைக்காதீங்க, நாம தினமும் இதைவிட அதிகமா பண்றோம். செஞ்சு பாரு, செஞ்சு வை, செஞ்சு குடு, செஞ்சுக்கோ, செஞ்சுடு, செஞ்சு தொலை. ‘செய்’ அதே தான், பின்னாடி ஒட்டுற குட்டி வினை தான் பாவத்த மாத்துது. ‘தொலை’ய தனியா எடுத்து அர்த்தம் சொன்னா ‘செஞ்சு தொலை’யில இருக்கிற எரிச்சல் வருமா? வராது. அவங்க வினைக்கு பின்னாடி அப், டவுன், ஆஃப், அவுட்னு ஒட்டுறாங்க, நாம வினைக்கு பின்னாடி இன்னொரு வினைய ஒட்டுறோம். இதுல அப் வர்ற நிறைய இடத்துல ‘மிச்சம் இல்லாம, முழுசா’ங்கிற வாசனை அடிக்கும், யூஸ் அப், ஈட் அப், டேர் அப், ஃபில் அப், நம்ம ‘தீத்துட்டான், கிழிச்சுப் போட்டான்’ மாதிரி. எல்லா அப்புக்கும் இது பொருந்தாது, ஆனா பாதி பயம் இதுலயே போயிடும்.

அப்புறம் இன்னொன்னு, 3000 வார்த்தை படிச்சவங்க கிட்ட நான் அடிக்கடி பாக்குறது, பெரிய வார்த்தை மேல ஒரு மயக்கம். பை இருக்கும்போது பர்ச்சேஸ், ஹெல்ப் இருக்கும்போது அசிஸ்ட், ஸ்டார்ட் இருக்கும்போது கமென்ஸ். அர்த்தம் ஒண்ணு தானேன்னு கேப்பீங்க. 1066ல நார்மண்டியில இருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் பல தலைமுறைக்கு அரண்மனையிலயும் பெரிய மனுஷங்க நடுவுலயும் பிரெஞ்சு தான், வயல்லயும் வீட்டுலயும் பழைய இங்கிலீஷ். ரெண்டும் கலந்தப்போ ஒரே பொருளுக்கு ரெண்டு வார்த்தை தங்கிடுச்சு, பின்னாடி லத்தீன்ல இருந்து படிச்சவங்க மூணாவதையும் கொண்டு வந்தாங்க. ஆஸ்க்னா சாதாரணமா கேக்குறது, கொஸ்டின்னா கொஞ்சம் கறாரா கேக்குறது, இன்டராகேட்னா போலீஸ் விசாரணை. மண்ணுல இருந்து வந்த சின்ன வார்த்தை இன்னைக்கும் வீட்டு வார்த்தையாவே இருக்கு, அரண்மனை வழியா வந்தது இன்னைக்கும் ஆபீஸ் வாசனையோட இருக்கு. நண்பன்கிட்ட ‘பேனா கொள்முதல் செய்தேன்’னு நாம சொல்ல மாட்டோம்ல, ‘ஐ பர்ச்சேஸ்டு எ பென்’னும் அதே மாதிரி தான் கேக்கும். அதனால நோட்டுல அர்த்தத்தோட சேத்து இது வீட்டு வார்த்தையா ஆபீஸ் வார்த்தையான்னும் ஒரு குறிப்பு போடுங்க.

தமிழுக்குள்ள வந்து தங்கிட்ட இங்கிலீஷ் வார்த்தைங்க தனி ஆபத்து, ஏன்னா அத நாம படிக்கிறதே இல்ல, தெரியும்னு நினைச்சுக்கிறோம். ஃபீல் பண்ணாதன்னு நாம சொன்னா வருத்தப்படாதன்னு அர்த்தம், அதையே ‘டோண்ட் ஃபீல்’னு சொன்னா எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாதுங்கிற மாதிரி போயிடும், ‘டோண்ட் ஃபீல் பேட்’னு சொல்லணும். டவுட்டுக்கு நம்ம பக்கம் சந்தேகம் கேக்குறதுன்னு அர்த்தம், மத்த நாட்டுக்காரங்க கிட்ட ‘ஐ ஹேவ் எ டவுட்’னா நீ சொல்றத நான் நம்பலன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். பாஸ் அவுட்னா காலேஜ் முடிச்சது இல்ல, மயங்கி விழுறது. சாரி கூட அப்படித்தான், ஒருத்தர் வீட்டுல துக்கம்னு சொல்றப்போ ‘ஐ ஆம் சாரி’ன்னு அவங்க சொன்னா அது மன்னிப்பு இல்ல, உங்க துக்கத்துல எனக்கும் வருத்தம்னு சொல்றது, இது தெரியாம ‘நீங்க என்ன பண்ணீங்க, எதுக்கு சாரி’ன்னு பதில் சொன்னவங்கள பாத்திருக்கேன். ஹார்ட்லி பத்தி ஒரே வரி, ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’னா கடுமையா உழைக்கிறான், ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’னா வேலையே பாக்குறதில்ல, பரிந்துரை கடிதத்துல இத மாத்தி எழுதினா ஒருத்தரோட வேலையே போயிடும்.

எத்தனை வார்த்தைன்னு கேட்டீங்க, அதுக்கும் சொல்லிடுறேன். இங்கிலீஷ் கத்துக்கிறவங்களுக்காக மைக்கேல் வெஸ்ட்ங்கிறவர் 1953ல வெளியிட்ட லிஸ்ட்ல சுமார் 2000 வார்த்தை குடும்பம், சாதாரண எழுத்துல வர்ற வார்த்தைகள்ல ஏறக்குறைய 80 சதவீதம் அதுக்குள்ளயே அடங்கிடும். குடும்பம்னா ஹெல்ப், ஹெல்ப்டு, ஹெல்ப்ஃபுல் எல்லாம் சேத்து ஒண்ணு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காங்கிற அமெரிக்க அரசு வானொலி 1959ல ஆரம்பிச்ச எளிய இங்கிலீஷ் செய்தி சுமார் 1500 வார்த்தைக்குள்ளயே ஓடுச்சு. பால் நேஷன்ங்கிற மொழி ஆராய்ச்சியாளர் 2006ல போட்ட கணக்குப்படி, பேச்சுல 98 சதவீதம் தெரிஞ்ச வார்த்தையா இருக்கணும்னா 6000ல இருந்து 7000 குடும்பம், நாவல், நாளிதழ் படிக்க 8000ல இருந்து 9000. ஆனா இதெல்லாம் கேக்கவும் படிக்கவும் புரிஞ்சுக்க. பேச ஆரம்பிக்க உங்க 3000 தாராளம்.

பின்ன ஏன் வாய் வரல? உங்க மனப்பாடம் ஒரு திசையில மட்டும் நடந்திருக்கு. இங்கிலீஷ் வார்த்தைய பாத்து தமிழ் சொல்ற பயிற்சி ஒரு வருஷம் எடுத்திருக்கீங்க, அதுல நீங்க கெட்டி. பேசுறப்போ தேவைப்படுறது எதிர் திசை, மனசுல ஒரு விஷயம் தோணும், அதுக்கு இங்கிலீஷ் துண்டு தானா வந்து விழணும், அத நீங்க ஒரு நாள் கூட பழகல. அதனால வலது பக்கத்துல தமிழ் வார்த்தைக்கு பதிலா ஒரு சூழ்நிலைய எழுதுங்க. ‘பேனா கடன் கேக்குறேன்’ இது வலது பக்கம், ‘கேன் ஐ பாரோ யுவர் பென்’ இடது பக்கம், இடது பக்கத்த கையால மூடிட்டு சத்தமா சொல்லுங்க. சத்தமாங்கிறது முக்கியம், மனசுக்குள்ள எல்லாமே சரியா தான் ஒலிக்கும். ரெகார்ட்ங்கிற வார்த்தைய பெயரா சொல்றப்போ முதல் அசைய அழுத்தணும், பதிவு பண்றதுன்னு வினையா சொல்றப்போ ரெண்டாவத அழுத்தணும், இது வாய விட்டு சொன்னா தான் பிடிபடும்.

அகராதி பாக்குறப்போ இங்கிலீஷ் டு தமிழ மூடி வைக்க சொல்லல, முதல் பார்வைக்கு அது நல்லது. ஆனா அடுத்ததா படிக்கிறவங்களுக்குன்னே எழுதின இங்கிலீஷ் டு இங்கிலீஷ் அகராதிக்கு போங்க. 1978ல வந்த லாங்மேன் அகராதியில அர்த்தம் சொல்றதுக்கே சுமார் 2000 எளிய வார்த்தைய தான் பயன்படுத்தினாங்க, 1987ல வந்த கோபில்ட் அகராதியில அர்த்தத்தையே முழு வாக்கியமா எழுதினாங்க, அதனால வார்த்தை எந்த எந்த வார்த்தையோட சேந்து நடக்கும்னு கண்ணுல படும். 3000 தெரிஞ்ச உங்களால இதெல்லாம் ஓரளவு சுலபமா படிக்க முடியும்.

மறந்து போகுதேன்னு கவலை வேணாம், மறதி இயல்பு. எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே தன்ன வெச்சு சோதனை பண்ணி எழுதிட்டார், படிச்ச கொஞ்ச நேரத்துலயே பெரும்பகுதி கழண்டுடும், விட்டு விட்டு திரும்ப பாத்தா நிலைக்கும். நேத்து, போன வாரம், போன மாசம்னு பழைய பக்கத்துக்கு திரும்ப போங்க, தினமும் பத்து புதுசுன்னு ஓடுறத ஒரு ரெண்டு மாசம் நிறுத்தி வைங்க.

முதல் வேலையா நோட்டுல ஹோப் இருக்கிற பக்கத்த தெறந்து அந்த சமக்குறிய அடிச்சிடுங்க, கீழ உங்களுக்கு நிஜமா நடக்கணும்னு இருக்கிற ஒரு விஷயத்த ‘ஐ ஹோப்...’னு ஆரம்பிச்சு எழுதுங்க, நீங்க முழுசா நம்புற ஒரு ஆள நினைச்சு ஒரு டிரஸ்ட் வாக்கியம், ஒருத்தர உற்சாகப்படுத்த ஒரு பிலீவ் இன் வாக்கியம். அது முடிஞ்சதும் கெட்டுக்கு மேல சொன்ன ஆறு வாக்கியத்தையும் உங்க வாழ்க்கையில இன்னைக்கு நடந்ததா மாத்தி எழுதி வாய விட்டு சொல்லுங்க. எழுதினத இங்க போடுங்க, எங்க இடிக்குதுன்னு பாத்து சொல்றேன்.